அதிபர் ஜான்சனின் காப்பகத்தில் தேடுவது எப்படி: குரல், காகிதம், நினைவு பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

1966இல் ரேஷன் கடை வரிசையில் நின்று அமெரிக்கக் கோதுமை வாங்கியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அதை ‘பி.எல். 480 கோதுமை’ என்பார்கள். 1954இல் அமெரிக்கா இயற்றிய ஒரு சட்டத்தின் எண் அது. அந்தக் கோதுமை எப்போது, எவ்வளவு புறப்பட வேண்டும் என்பதை 1965 முதல் அதிபர் லிண்டன் ஜான்சன் தன் கையிலேயே வைத்திருந்தார். ஏன் அப்படிச் செய்தார்? யார் தடுத்தார்கள், யார் தூண்டினார்கள்? விடை தேடுகிறவர்களுக்கு டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஒரு கட்டடம் இருக்கிறது. பெரும்பகுதி வேலைக்கு அங்கே போகவும் வேண்டாம், வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

இந்தக் கோதுமைக் கேள்வியையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். வியட்நாம், கறுப்பின மக்களின் வாக்குரிமை, முதியோர் மருத்துவக் காப்பீடு என்று உங்கள் கேள்வி எதுவாக இருந்தாலும் வழி இதேதான்.

தொடங்கும் முன்: அங்கே என்ன இருக்கிறது

அதிபர் பதவியை விட்டு இறங்குபவர் தன் தாள்களை ஒரு நூலகத்துக்குக் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கியவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அவருடைய நூலகம் 1941இல் திறக்கப்பட்டது. 1955இல் அதற்கென்று ஒரு சட்டமும் வந்தது. ஆனாலும் தாள்கள் அதிபரின் சொந்தச் சொத்தாகவே கருதப்பட்டன. அவர் மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு. 1978ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவற்றை நாட்டின் சொத்தாக்கியது. அதுவும் ரீகன் தொடங்கித்தான் பொருந்தும். ஜான்சன் 1963 நவம்பர் முதல் 1969 ஜனவரி வரை ஆண்டவர், ஆகவே அவருடைய தாள்கள் நன்கொடைப் பத்திரத்தின் வழியே வந்தவை. இந்த வேறுபாட்டை இப்போதே மனதில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு கதவு மூடியிருக்கும்போது காரணம் புரியும்.

ஜான்சன் நூலகம் 1971 மே 22 அன்று டெக்சாஸ் பல்கலைக்கழக வளாகத்தில் திறக்கப்பட்டது. சுமார் 4.5 கோடிப் பக்கத் தாள்கள், ஏறத்தாழ 640 மணி நேரத் தொலைபேசிப் பதிவுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாய்மொழி வரலாற்று நேர்காணல்கள் அங்கே உள்ளன. இவை மூன்றும் மூன்று விதமான சாட்சிகள். தாள், முடிவு எடுத்த அன்றே எழுதப்பட்டது. ஆனால் மேலதிகாரி படிப்பார் என்று தெரிந்தே எழுதப்பட்டது. தொலைபேசிப் பதிவு பேசிய கணத்தையே பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் மறுமுனையில் இருந்தவருக்குப் பெரும்பாலும் அது தெரியாது, ஜான்சனுக்குத் தெரியும். நேர்காணல் பிற்பாடு வந்தது. சொல்பவருக்கு முடிவு என்னவாயிற்று என்பது தெரிந்துவிட்ட பிறகு சொன்னது.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள், தேதிகளைப் பத்து வரியில்

‘ஜான்சனும் இந்தியாவும்’ என்று தேடினால் மூழ்கிப்போவீர்கள். ‘1965 ஜூன் முதல் 1967 பிப்ரவரி வரை இந்தியாவுக்கான தானியத்தை ஜான்சன் ஏன் சிறுசிறு தவணையாக விட்டார்?’ என்று கேட்டால் பெட்டிகள் தாமே சுருங்கும்.

அப்புறம் ஒரு காலவரிசை. எங்கள் கேள்விக்கு அது ஏறக்குறைய இப்படி இருக்கும். 1965 ஜூனில் பழைய ஒப்பந்தம் முடிகிறது, நீண்டகாலப் புது ஒப்பந்தத்துக்கு ஜான்சன் இசையவில்லை. அந்த ஆண்டு பருவமழை பொய்க்கிறது. செப்டம்பரில் இந்தியா–பாகிஸ்தான் போர். நவம்பரில் ரோம் நகரில், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் மாநாட்டுக்கு வந்த இடத்தில், இந்திய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியமும் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃபிரீமனும் இந்திய வேளாண்மை பற்றிச் சத்தமில்லாமல் ஓர் உடன்பாட்டுக்கு வருகிறார்கள். 1966 ஜனவரி 11 அன்று சாஸ்திரி மறைகிறார். மார்ச் கடைசியில் இந்திரா காந்தி வாஷிங்டன் போகிறார். மார்ச் 30 அன்று இந்திய உணவு உதவி பற்றி ஜான்சன் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்புகிறார். ஜூன் 6 அன்று ரூபாய் மதிப்புக் குறைப்பு. ஜூலையில் இந்திரா மாஸ்கோவில் இருக்கும்போது வெளியான கூட்டறிக்கை வியட்நாமைத் தொட்டுப் பேச, வெள்ளை மாளிகை முகம் சுளிக்கிறது. அந்த ஆண்டும் மழை இல்லை, பீகாரில் பஞ்சம்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சுப்பிரமணியத்தின் பெயர் ஆஸ்டின் பெட்டிகளில் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. அதற்காகவே இந்தக் கேள்வியைத் தேர்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

2. நாட்குறிப்பில் தொடங்குங்கள்

புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். அதிபர் எத்தனை மணிக்கு எழுந்தார், யாரைப் பார்த்தார், யாரோடு தொலைபேசினார் என்பதைச் செயலாளர்கள் ஒவ்வொரு நாளும் குறித்து வைத்தார்கள். இந்த நாட்குறிப்பை நூலகத்தின் ‘டிஸ்கவர் எல்பிஜே’ இணையதளத்தில் தேதி வாரியாகப் படிக்கலாம். ஜான்சன் தன் கையால் எழுதியது என்று எண்ணிவிடாதீர்கள். இது அலுவலகப் பதிவேடு.

உங்கள் காலவரிசையில் உள்ள ஒவ்வொரு தேதியையும் அதில் திறந்து, அதற்கு முன் இரண்டு நாள், பின் இரண்டு நாள் சேர்த்துப் படியுங்கள். யார் உள்ளே போனார்கள், எத்தனை நிமிடம் இருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு ஒருவர் நேர்காணலில் ‘அன்று அதிபரோடு ஒரு மணி நேரம் பேசினேன்’ என்றால், அது பத்து நிமிடமா ஒரு மணி நேரமா என்று உங்களால் சொல்ல முடியும்.

3. அச்சில் வந்துவிட்டதை முதலில் முடியுங்கள்

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் பழைய ஆவணங்களைத் தேர்ந்தெடுத்துத் தொகுதிகளாக வெளியிடுகிறது. 1964–1968 வரிசையில் 25ஆம் தொகுதி தெற்காசியாவுக்கு உரியது, இணையத்தில் இலவசம். அதிலுள்ள ஒவ்வொரு ஆவணத்துக்கும் அடியில், அது எந்தத் தொகுப்பில், எந்தக் கோப்பில் கிடைத்தது என்ற குறிப்பு உண்டு. அந்த அடிக்குறிப்புதான் உங்களுக்கு வழிகாட்டி. ஆவணத்தைவிட அதை முதலில் பாருங்கள். ஜான்சனின் பொது உரைகளும் செய்திகளும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் இணையத் தொகுப்பில் தேதியோடு கிடைக்கும்.

4. பெட்டிகளின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

காப்பகத்தில் பொருள் வாரியாக அடுக்கியிருக்க மாட்டார்கள். எந்த அலுவலகம் எப்படிக் கோப்பு வைத்ததோ அப்படியே வைத்திருப்பார்கள். ஆகவே ‘இந்தியா’ என்று ஒரே அலமாரி கிடையாது. இரண்டு பெரிய தொகுப்புகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, தேசியப் பாதுகாப்புக் கோப்பு. வெளியுறவு சார்ந்த எல்லாவற்றுக்கும் இதுதான் நுழைவாயில். இதற்குள் நாடு வாரியான கோப்புகளில் இந்தியா இருக்கிறது. பாதுகாப்பு ஆலோசகர்கள் மெக்ஜார்ஜ் பண்டியும், 1966 ஏப்ரல் முதல் அவர் இடத்துக்கு வந்த வால்ட் ராஸ்டோவும் அதிபருக்கு எழுதிய குறிப்புகள் தனி வரிசை. நாட்டுத் தலைவர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து இன்னொரு வரிசை. இவற்றோடு, தேசியப் பாதுகாப்பு மன்ற ஊழியர்கள் முக்கிய நிகழ்வுகளுக்கென்று அப்போதே தொகுத்து வைத்த வரலாறுகளும் உண்டு. அவற்றில் ஒன்றின் தலைப்பே ‘இந்தியப் பஞ்சம், ஆகஸ்ட் 1966 – பிப்ரவரி 1967’. தந்திகள், குறிப்புகள், வரைவுகள் எல்லாம் ஒரே இடத்தில். ஆனால் இதைத் தொகுத்தவர்கள் அந்தக் கொள்கையை நடத்தியவர்களேதான். எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்டபடியே படியுங்கள்.

இரண்டாவது, வெள்ளை மாளிகையின் மையக் கோப்புகள். இவற்றில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு உண்டு. ‘எல்இ’ என்றால் சட்டமியற்றல், ‘ஹெச்யூ 2’ என்றால் சம உரிமை. இரண்டும் சாய்கோடு போட்டுச் சேர்ந்து வந்தால் சம உரிமைச் சட்டங்கள். ‘என்டி 19’ஐ ஒட்டி ‘சிஓ 312’ வந்தால் வியட்நாம் நிலவரம். ஒரே கடிதத்துக்கு இரண்டு மூன்று குறியீடுகள் இருக்கலாம் என்பதால், பெட்டிப் பட்டியலை இணையதளத்திலிருந்து இறக்கி, குறியீடுகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்புகளைப் படிக்கும்போது கடைசிப் பக்கத்தைத் தவறவிடாதீர்கள். ‘ஒப்புதல்’, ‘மறுப்பு’, ‘வந்து பேசவும்’ என்று கோடுகள் இருக்கும். அதிபர் அதில் ஒன்றில் குறியிடுவார். சில நேரம் பக்கவாட்டில் இரண்டு சொல் கிறுக்கியிருப்பார். குறியே இல்லாத தாளும் ஒரு செய்திதான். தானிய விஷயத்தில் ஜான்சன் பலமுறை முடிவைத் தள்ளிப்போட்டார், அந்தத் தள்ளிப்போடலே கொள்கையாக இருந்தது. இந்தியா வேளாண்மையில் முதலீட்டைக் கூட்ட வேண்டும், மற்ற நாடுகளும் உதவியில் பங்கெடுக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். வியட்நாம் பற்றி டெல்லி பேசியதும் அவரை உறுத்தியது. இந்தக் காரணங்களில் எது முதலில், எது பிறகு என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இவ்வளவு தேடலும்.

5. தொலைபேசிப் பதிவுகளைக் காதால் கேளுங்கள்

ஜான்சன் தன் தொலைபேசி உரையாடல்களில் பலவற்றை ‘டிக்டாபெல்ட்’ என்ற பிளாஸ்டிக் பட்டைகளில் பதியவைத்தார். தான் இறந்து 50 ஆண்டு ஆகும்வரை திறக்கக் கூடாது என்பது அவர் ஏற்பாடு. அவர் 1973 ஜனவரி 22 அன்று இறந்தார், அந்தக் கணக்குப்படி 2023 வரை காத்திருந்திருக்க வேண்டும். ஆனால் கென்னடி படுகொலை ஆவணங்களை வெளியிடச் சொல்லும் சட்டம் 1992இல் வந்ததும், நூலகம் 1993 முதல் பதிவுகளைத் திறக்கத் தொடங்கியது.

ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் உண்டு. ‘6405.10’ என்றால் 1964ஆம் ஆண்டு, ஐந்தாம் மாதம், பத்தாவது நாடா. இது தெரிந்தால் உங்கள் காலவரிசையிலிருந்து நேராகப் பதிவுக்குப் போகலாம். பழகிக்கொள்ள 1964 மே 27 அன்று பண்டியோடு பேசியதைக் கேளுங்கள். வியட்நாம் போரிடத் தகுந்த இடம் என்றும் தோன்றவில்லை, வெளியே வரவும் வழி தெரியவில்லை என்று ஜான்சன் புலம்புகிறார். போரைப் பெரிதாக்கியதற்கு ஓராண்டு முன்பு அது. 1965 ஜனவரி 15 அன்று மார்ட்டின் லூதர் கிங்கோடு வாக்குரிமை பற்றிப் பேசியதையும் கேளுங்கள். எங்கே குரல் தாழ்கிறது, எங்கே மற்றவரைப் பேச விடாமல் முந்துகிறார் என்பதெல்லாம் காகிதத்தில் வராது.

எழுத்துப் பிரதியை மட்டும் நம்பாதீர்கள். ‘பாகிஸ்தான் அம்பாஸடர்’ தனக்காகக் காத்திருக்கிறார் என்று ஜான்சன் சொன்னதை, ‘பாஸ்டர்ட்ஸ்’ என்ற வசைச்சொல்லாகக் காதில் வாங்கித் தட்டச்சு செய்த கதை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். டெக்சாஸ் உச்சரிப்பு, தேய்ந்த பட்டை, அவசரம் எல்லாம் சேர்ந்து ஒரு தூதரை வசையாக்கிவிட்டன. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மில்லர் மையம் பல உரையாடல்களை மீண்டும் கேட்டுத் திருத்திய பிரதிகளை வெளியிட்டிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, காதில் ஒலியைப் போட்டுக்கொண்டு, மூன்று முறை கேளுங்கள். முதல் தடவை பாதி புரியாது. மூன்றாவது தடவையில் ஆளையே அடையாளம் தெரியும்.

6. இப்போது வாய்மொழி வரலாறு

இதைக் கடைசிப் பக்கம் தள்ளி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நேர்காணல்கள் படிக்க அவ்வளவு சுவையானவை. முதலில் படித்துவிட்டால் அந்த மனிதரின் கதைதான் உங்கள் கதையாகிவிடும்.

ஜான்சன் பதவியில் இருக்கும்போதே, 1968இல், டெக்சாஸ் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ஜோ பி. ஃபிரான்ட்ஸ் தலைமையில் இந்தத் திட்டம் தொடங்கியது. அமைச்சர்கள், தூதர்கள், செனட்டர்களோடு செயலாளர்கள், வீட்டுப் பணியாளர்கள், டெக்சாஸ் மலைநாட்டு இளமைக்கால நண்பர்கள் என்று பலரையும் தேடிப்போய்ப் பேசவைத்தார்கள். எழுத்துப் பிரதிகளில் பெரும்பாலானவை இணையத்தில் கிடைக்கின்றன.

எங்கள் கேள்விக்கு நான்கு பேர் முக்கியம். வேளாண் அமைச்சர் ஃபிரீமன், டெல்லியில் தூதராக இருந்த செஸ்டர் பவுல்ஸ், வெள்ளை மாளிகையில் தெற்காசியாவைக் கவனித்த ராபர்ட் கோமர், பாதுகாப்பு ஆலோசகர் ராஸ்டோ. நால்வரும் இந்தத் திட்டத்தில் பேசியிருக்கிறார்கள்.

எந்த நேர்காணலையும் திறந்ததும் முதல் பக்கத்தில் நில்லுங்கள். எந்தத் தேதி? கேட்டவர் யார்? எத்தனையாவது அமர்வு? சொல்பவர் அப்போது என்ன வேலையில் இருந்தார்? 1969இல் பேசுகிறவர் வியட்நாமின் நிழலில் நின்று 1965ஐப் பார்க்கிறார். பவுல்ஸ் இந்தியாவுக்குத் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்று ஓயாமல் தந்தி அடித்து, பலமுறை தோற்றவர். அவர் சொல்லில் அந்த வலி இருக்கும். கோமர் 1966இலேயே வியட்நாம் வேலைக்கு மாற்றப்பட்டார், ஆகவே பீகார் பஞ்சம் பற்றி அவர் சொல்வது பக்கத்திலிருந்து பார்த்தது ஆகாது. ராஸ்டோ பதவிக்குப் பிறகு நூலகம் இருக்கும் அதே பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர், ஜான்சனுக்குக் கடைசிவரை விசுவாசமானவர். இதற்காக யாரையும் ஒதுக்க வேண்டாம். யார் எங்கே உட்கார்ந்து பார்த்தார் என்று தெரிந்தால்தான் அவர் சொல்லுக்கு எடை போட முடியும்.

படிக்கும்போது ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி போடுங்கள்: கண்ணால் பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது, பிற்பாடு யோசித்து அறிந்தது. ஒரு நேர்காணலில் முதல் வகை எவ்வளவு குறைவு என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். பல ஆண்டு கழித்து உரையாடலைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிக்கும் இடங்களில் வேகத்தைக் குறையுங்கள். அந்தக் கதையை அவர் ஏற்கெனவே பலமுறை சொல்லி மெருகேற்றியிருப்பார். தேதி, எண்ணிக்கை இரண்டையும் நேர்காணலிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். அவற்றைத் தாளில் தேடுங்கள்.

சரி, அப்படியானால் நேர்காணல் எதற்கு? தாளில் ஏறாதது எல்லாம் அதில்தான் இருக்கிறது. யார் கதவைத் தட்டாமல் உள்ளே போகலாம், அதிபரின் கோபம் எப்படி இருக்கும், எந்தக் குறிப்பை எந்த நேரத்தில் கொடுத்தால் ஒப்புதல் கிடைக்கும். அதிகாரம் எப்படி நடந்தது என்று சொல்வதில் இதற்கு இணையான ஆவணம் கிடையாது.

பெரிய பெயர்களோடு நின்றுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். ஜான்சன் வீட்டில் பல ஆண்டுகள் சமைத்தவர் ஜெஃபிர் ரைட் என்ற கறுப்பினப் பெண்மணி. டெக்சாஸிலிருந்து வாஷிங்டனுக்குக் காரில் வரும்போது வழியில் கழிப்பறையைப் பயன்படுத்தக்கூட அவருக்கு அனுமதி கிடைக்காது. தெற்கத்திய அரசியல்வாதிகளிடம் சம உரிமைக்காக வாதாடும்போது ஜான்சன் இதைத்தான் எடுத்துச் சொல்வார். 1964 ஜூலை 2 அன்று சட்டத்தில் கையெழுத்திட்டபோது பயன்படுத்திய பேனாக்களில் ஒன்றை அவருக்குக் கொடுத்தார். பின்னாளில் அந்தப் பெண்மணியையும் உட்காரவைத்துக் கேட்டுப் பதிவு செய்தார்கள். முதலாளி தன்னைப் பற்றிச் சொன்ன கதையும் தான் சொல்லும் கதையும் எங்கே ஒட்டுகின்றன, எங்கே விலகுகின்றன என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

எழுத்துப் பிரதி அனுப்பப்பட்டபின் பேசியவர்கள் அதைத் திருத்தலாம் என்பதும் நினைவிருக்கட்டும். ஒலிப்பதிவு கிடைத்தால் ஒப்பிடுங்கள். சிலர் குறிப்பிட்ட ஆண்டுவரை மூடி வைக்கச் சொல்லியிருப்பார்கள். கென்னடியின் மனைவி ஜாக்குலின் 1964இல் கொடுத்த நேர்காணல்கள் 2011இல்தான் வெளிவந்தன.

7. எடுக்கப்பட்ட பக்கங்கள்

கோப்பின் நடுவே ஒரு பட்டியல் தாள் இருந்தால், அங்கிருந்து பக்கங்களை எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அதில் மூன்று எழுத்துகளில் ஒன்று இருக்கும். ‘ஏ’ என்றால் தேசியப் பாதுகாப்பு. ‘பி’ என்றால் ஒரு சட்டமோ ஆவணத்தை உருவாக்கிய துறையோ தடுத்தது. ‘சி’ என்றால் நன்கொடைப் பத்திரத்தின் நிபந்தனை. ஜான்சனின் தாள்கள் நன்கொடையாக வந்தவை என்பதால் அமெரிக்காவின் தகவல் அறியும் சட்டம் இங்கே உதவாது. ‘ஏ’ வகைக்கு மறு ஆய்வு கோரி நூலகத்தின் வழியே விண்ணப்பிக்கலாம். பட்டியலில் உள்ள தேதி, யார் யாருக்கு எழுதியது, எத்தனை பக்கம் ஆகியவற்றை அப்படியே எழுதிக் கொடுங்கள். ஆண்டுக்கணக்கில் ஆகலாம், ஆனாலும் போட்டு வையுங்கள். உங்களுக்குப் பின் வருபவருக்காவது திறக்கும்.

8. ஆஸ்டினுக்குப் போவதானால்

பெட்டி எண்கள் கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். முன்கூட்டியே நூலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, உங்கள் கேள்வியையும் பெட்டிகளையும் சொல்லுங்கள். காப்பாளர்கள் நீங்கள் யோசிக்காத இரண்டு தொகுப்புகளையாவது சொல்வார்கள். வாசிப்பறையில் பாஸ்போர்ட்டைக் காட்டி ஆய்வாளர் அட்டை வாங்க வேண்டும். பேனாவுக்கு இடமில்லை, பென்சில் மட்டும். ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, அதிலும் ஒரே ஒரு கோப்பு. ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். ஜான்சன் அறக்கட்டளை ஆய்வாளர்களுக்கு ‘மூடி ஆய்வு நல்கை’ என்ற உதவித்தொகையும் தருகிறது.

படம் எடுக்கும்போது ஒவ்வொரு கோப்பிலும் முதல் படம் பெட்டியின் முகப்பு, இரண்டாவது கோப்பின் தலைப்பு. இந்த ஒழுங்கை விட்டால் ஊருக்குத் திரும்பியபின் ஆயிரம் படங்களும் அனாதைகள்தான்.

9. மேற்கோள் காட்டுவதும், மறுபக்கமும்

நேர்காணலைக் குறிப்பிடும்போது பேசியவர் பெயர், அமர்வு எண், தேதி, கேட்டவர் பெயர், நூலகத்தின் பெயர் ஐந்தும் வேண்டும். தாளுக்கு ஆவணத்தின் தேதி, கோப்பு, தொகுப்பு, பெட்டி எண். இணையப் பிரதியைப் படித்தீர்களா, மூலத்தையா என்பதையும் எழுதுங்கள்.

இந்தியா சம்பந்தப்பட்ட கேள்வியானால் ஆஸ்டினோடு நிற்காதீர்கள். அங்கே சுப்பிரமணியம் பேசியதெல்லாம் ஓர் அமெரிக்கர் எழுதிய குறிப்பாகத்தான் இருக்கும். டெல்லி தீன்மூர்த்தி வளாகத்திலும் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பு உண்டு, இந்தியத் தேசிய ஆவணக் காப்பகமும் உண்டு, மக்களவை விவாதங்களோ இணையத்திலேயே கிடைக்கின்றன. ரோம் உடன்பாடு முடிந்த சில நாட்களில், 1965 டிசம்பரில், புதிய வேளாண் கொள்கையைச் சுப்பிரமணியம் நாடாளுமன்றத்தில் வைத்தார். அடுத்த ஆண்டு மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்து இறங்கியது. அந்த விவாதப் பக்கங்களை ஒரு திரையிலும், அதே வாரத்து வெள்ளை மாளிகைக் குறிப்புகளை இன்னொரு திரையிலும் திறந்து வையுங்கள். இங்கே தன் முடிவாகச் சொல்லப்படுவதும் அங்கே தங்கள் நிபந்தனையாக எழுதப்படுவதும் ஒரே விஷயங்களாக இருக்கும். வரிக்கு வரி பக்கத்தில் வைத்துக் குறித்துக்கொண்டே போங்கள்.